பொய்ச் சண்டையும் ரோல்ஸ் அன்ரியும்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் என் அப்பா இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுவார். டூட்டிங்கில் எங்களை அறிந்தவர்களுக்கு எப்படியும் பெயர் தேவையில்லை. ரோல்ஸ் அன்ரி என்றால் போதும். கலியாணம், பிறந்தநாள், முதல் நன்மை, சாமத்தியச் சடங்கு என்று தென் லண்டனில் தமிழர் எதற்குக் கூடினாலும் தட்டில் வரும் மட்டன் ரோல்ஸ் அவருடைய அடுப்படியில் பொரிந்ததாகத்தான் இருக்கும். ஒரு ஓரத்தை மட்டும் கிள்ளி மடித்திருப்பார். ஏன் என்று கேட்டால், "அது என்ர விருப்பம், நீ வாயை மூடிக்கொண்டு தின்" என்பார்.

ரோல்ஸ் அவருக்குப் பிழைப்பு. அவர் உயிரை விட்டதெல்லாம் மல்யுத்தத்துக்கு. நாட்டுக்காக மெடல் வாங்குகிற மல்யுத்தம் அல்ல. மினுங்கும் காற்சட்டையும் எண்ணெய் பூசிய நெஞ்சுமாக ஆட்கள் கயிற்றில் ஏறிப் பாய்ந்து, நாற்காலியால் ஒருவரை ஒருவர் அடித்து, இடையில் மைக்கைப் பறித்து வம்சத்தையே ஏசுவார்களே, அந்தத் தொலைக்காட்சி மல்யுத்தம். அவருடைய கணவர் செய்தியைத் தவிர வேறெதையும் பார்க்காத மனிதர். அதனால் சனிக்கிழமை பின்னேரமானால் அன்ரி பூப்போட்ட ஹவுஸ்கோட்டும் தடித்த கம்பளிக் காலுறையுமாக, பொரித்தபோது உடைந்துபோன ரோல்ஸை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவருடைய வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த கதவு. எங்கள் தொலைக்காட்சி பெரியது. அப்பாவின் வாயும் பெரியது. இரண்டும் அவருக்கு வேண்டியிருந்தன.

அப்பாவை யாரும் ஏமாற்ற முடியாது என்பது அப்பாவின் நம்பிக்கை. கடையில் தராசைப் பார்ப்பார். வானிலை அறிவிப்பாளரை முறைத்துப் பார்ப்பார். மல்யுத்தத்தைப் பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, தொலைக்காட்சிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நிற்பார்.

"உது படேல்ல! கை மேலயே தொடேல்ல. உவன் காலால பலகையை உதைச்சுச் சத்தம் எழுப்புறான். மற்றவன் சும்மா விழுறான். எல்லாம் பொய்ச் சண்டை!"

"அண்ணை, மறைக்காமல் இருங்கோ."

"உமக்கென்ன விசரே? இதை ஆரும் மெய்யெண்டு பாப்பினமே?"

"அடிக்கிறது எந்த மடையனுக்கும் ஏலும்" என்பார் அன்ரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அடிக்காமல் அடிச்ச மாதிரிக் காட்டவேணும். மற்றவனுக்கு நோகாமலும் பாக்கவேணும். சனத்துக்கு மட்டும் நோகவேணும். செய்து பாருங்கோவன்."

வாரா வாரம் இதே சண்டைதான். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. அப்பா அந்தச் சண்டைக்காகவே சனிக்கிழமையை எதிர்பார்த்திருக்கிறார் என்று. வெள்ளிக்கிழமை இரவே ரிமோட்டைத் தேடி எடுத்து மேசையில் வைத்துவிடுவார்.

அன்ரிக்கு நல்லவர்களைப் பிடிக்காது. மல்யுத்தத்தில்தான் சொல்கிறேன். அழகான முடியும் வெள்ளைப் பல்லுமாக ஒருவன் வந்து குழந்தைகளின் கையைத் தட்டிக்கொண்டு போனால், அன்ரி எழுந்து போய்த் தேத்தண்ணி போடுவார். கெட்டவன் வரும் பாட்டுக் கேட்டதும் ஓடி வந்து நிமிர்ந்து உட்காருவார். சனம் ஊளையிடும். கெட்டவன் நடுவில் நின்று, ஒரு கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, 'என்ன, கேட்கவில்லையே' என்பதுபோலத் தலையைச் சாய்ப்பான். ஊளை இன்னும் கூடும். அந்த இடத்தில் அன்ரி கண் கலங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

"பாவம், பாருங்கோ, அவ்வளவு பேரின்ர ஏச்சையும் அவன் ஒருத்தன் வாங்குறான்" என்பார். "அவன் இல்லாட்டி உந்த வெள்ளைப் பல்லுக்காரனை ஆர் பாக்கிறது?"

ஒருநாள் வாக்குவாதம் முற்றிவிட்டது. விழுவதும் பொய்தான், பலகைக்குக் கீழே மெத்தை இருக்கிறது என்று அப்பா அடித்துச் சொன்னார். அன்ரி கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஹவுஸ்கோட்டை முழங்காலோடு ஒதுக்கினார். நாடியை நெஞ்சோடு ஒட்டி, இரண்டு கைகளையும் விரித்து, நின்ற நிலையில் அப்படியே மல்லாந்து எங்கள் வரவேற்பறை நிலத்தில் விழுந்தார். உள்ளங்கைகள் தரையில் அறைந்த சத்தத்தில் சுவாமிப் படம் சாய்ந்தது. அம்மா அடுப்படியிலிருந்து "ஐயோ முருகா!" என்று ஓடி வந்தார். கீழ்வீட்டு ஜமேக்காக்காரப் பெண்மணி கூட்டும் தும்புத்தடியால் தன் கூரையை இடித்தார்.

அன்ரி படுத்தபடியே, "நாடியை உள்ளுக்கு வைக்கவேணும். கை முதல்ல படவேணும். அப்பதான் முள்ளந்தண்டு தப்பும்" என்று விளக்கினார். "இப்ப சொல்லுங்கோ அண்ணை. நான் விழுந்தது மெய்யோ, பொய்யோ?"

அப்பா யோசித்தார். "விழுந்தது மெய். விழுந்த காரணம் பொய்" என்றார். அன்ரி கையை நீட்டினார். அப்பா தூக்கிவிட்டார்.

அதன்பிறகுதான் அப்பா, நேரில் பார்த்தால் குட்டு வெளிப்படும் என்று முடிவு செய்தார். அக்கம்பக்கத்து மண்டபம் ஒன்றில் சின்னதாக ஒரு மல்யுத்தக் காட்சி நடந்தது. அப்பா, அன்ரி, நான் மூவரும் போனோம். அப்பா முன்வரிசைக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, நீதிபதியைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்தார். தலையில் அவருடைய கம்பளித் தொப்பி இருந்தது. சித்திரை மாதத்திலும் அதைக் கழற்றமாட்டார்.

கெட்டவன் சிவப்புக் காற்சட்டைக்காரன். ஆள் குளிர்சாதனப் பெட்டி அளவு. அவன் கயிற்றுக்கு வெளியே இறங்கி வந்து, சனத்தை ஏசிக்கொண்டே நடந்தவன், அப்பாவின் முன்னால் நின்றான். அப்பாவின் தொப்பியைக் கழற்றினான். அதைக் கொண்டு தன் இரண்டு அக்குளையும் ஆற அமரத் துடைத்தான். மறுபடி அப்பாவின் தலையிலேயே போட்டுவிட்டான்.

யாராலும் ஏமாற்ற முடியாத என் அப்பா எழுந்து நின்றார். "டேய் எருமை!" என்று கத்தினார். பிறகு அவருக்குத் தெரிந்த எல்லா மிருகங்களின் பெயரையும் சொன்னார். நல்லவன் கெட்டவனைத் தூக்கிப் போட்டபோது ஒவ்வொரு முறையும் துள்ளினார். நடுவர் மூன்று எண்ணி முடித்ததும், பக்கத்தில் இருந்த, முன்பின் அறியாத ஒரு வெள்ளைக்காரரைக் கட்டிப் பிடித்தார். அன்ரி என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

வெளியே வந்தால், பஸ் தரிப்பிடத்தில் அந்தச் சிவப்புக் காற்சட்டைக்காரன் நின்றான். மேலே ஒரு சாதாரண ஜக்கெட் போட்டுக்கொண்டு சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான். அப்பாவைக் கண்டதும் வெட்கத்தோடு சிரித்தான். தொப்பிக்கு மன்னிக்க வேண்டும் சேர், ஒன்றும் நினைக்கவில்லைத்தானே என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டான். அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. அவ்வளவு நேரமும் பற்றி எரிந்த மனிதர் நனைந்த விறகாகிப் போனார்.

அன்ரிக்கு வந்ததே கோபம். அவனுடைய இடுப்பளவு உயரத்தில் நின்றுகொண்டு, விரலை நீட்டி, தன் டூட்டிங் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினார். நீ கெட்டவன், இந்த மனிதர் உன்னை ஏசுவதற்காகக் குளிரில் வந்திருக்கிறார், வெளியே நின்று சிரித்துக் குழைந்தால் அவர் கத்தியதற்கெல்லாம் என்ன மதிப்பு, கெட்டவன் கெட்டவனாகவே பஸ்ஸில் ஏறவேண்டும் என்றார்.

அவன் கொஞ்சம் யோசித்தான். பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, ஒரு சிப்ஸை எடுத்து அப்பாவின் நெஞ்சில் எறிந்து, பல்லைக் காட்டி உறுமினான்.

"பாத்தீரோ! பாத்தீரோ! மிருகம்!" அப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார். கோட்டில் பட்ட எண்ணெய்க் கறையை அம்மாவைக் கழுவ விடவில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் என் கலியாணப் பேச்சு வந்தது. நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவம். நான் விரும்பியவர் மன்னார்க் கத்தோலிக்கம். கோயிலா, தேவாலயமா என்று பெரிய யுத்தம் வரும் என்று நாங்கள் இருவரும் பயந்துகொண்டிருந்தோம். கடவுள்மார் இருவரும் அரை மணித்தியாலத்தில் ஒத்துப்போனார்கள். காலையில் தேவாலயம், அதன்பிறகு மண்டபத்தில் ஐயர், தாலி. ஆட்டிறைச்சிதான் ஒத்துப்போகவில்லை.

தாலி கட்டுகிற இடத்தில் மச்சம் கூடாது, மத்தியானச் சாப்பாடு மரக்கறிதான் என்றார் அப்பா. வெள்ளிக்கிழமை தவிர மற்ற எல்லா நாளும் ஆட்டையும் கோழியையும் ஒரு கை பார்ப்பவர் அவர். என் வருங்கால மாமியார் கணவரை இழந்தவர், அந்தக் குடும்பத்தின் தலை. அவர் ஒரே பிடியாக நின்றார்.

"கலியாண வீட்டில மரக்கறி போட்டால் எங்கட சனம் ஆரின்ர செத்த வீடெண்டு கேக்கும். என்ர ஒரே மகன்ர கலியாணத்துக்கு நான் ஒப்பாரி வைக்கிறதே?"

வாரக்கணக்கில் தொலைபேசியில் இழுபட்டது. அப்பாவுக்கு அது மதம். மாமிக்கு அது மானம். இருவரும் நியாயம்தான் பேசினார்கள், அதுதான் தொல்லை. கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கூடிப் பேசுவது, சரிவராவிட்டால் விடுவது என்று வந்து நின்றது. அதற்கு முதல்நாள் நான் அன்ரியின் அடுப்படியில் இருந்து அழுதேன். அவர் மாவுத் தாளில் கறியை வைத்துச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு பேரும் நல்ல ஆக்கள்தானே?"

"ஓம் அன்ரி."

"ரெண்டு நல்லவனை ரிங்கில ஏத்தினால் சண்டை முடியாது, பிள்ளை. சனமும் குழம்பிப்போம்" என்றார். ஓரத்தைக் கிள்ளினார். பிறகு வேறு கதை பேசத் தொடங்கிவிட்டார். இந்த நேரத்திலும் மல்யுத்தமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அன்ரி எங்கள் அடுப்படியில் நின்று சுடச்சுட ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். வரவேற்பறையில் பேச்சுச் சூடாகி, பிறகு குளிர்ந்து, பிறகு நின்றே போய்விட்டது. மாமி கைப்பையை எடுத்துத் தோளில் போட்டார்.

"அப்ப இது நடக்கேல்லையெண்டு நினைப்பம்" என்றார் அப்பா.

"நாங்களும் அப்பிடித்தான் நினைக்கிறம்" என்றார் மாமி.

அவருடைய மகன் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைப்பை கதவைத் தாண்டினால் என் வாழ்க்கையும் தாண்டிவிடும் என்று தெரிந்தது. எழுந்து நின்று ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது.

அடுப்படிக் கதவு திறந்தது. அன்ரி தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். மேசையில் வைக்கவில்லை. அறையின் நடுவில் போய் நின்றார்.

"ஒரு சாப்பாட்டுக்கு உந்தப் பாடோ? நானும் எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டு நிக்கிறது? அண்ணை, உங்கட வீட்டு மரக்கறியை நான் திண்டிருக்கிறன். ஆஸ்பத்திரிச் சாப்பாடு அதுக்கு மேல." பிறகு மாமியின் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஆட்டுக்கறி எண்டு துள்ளுறியள். உங்கட ஆக்கள் வைக்கிற கறியைச் சாப்பிட்டால், ஆடு சும்மா செத்துப்போச்செண்டு கவலையாய் இருக்கும்."

அன்ரி விடவில்லை.

"மாப்பிள்ளையைப் பாத்தால் கோழி திண்டு வளந்த மாதிரியே கிடக்கு? கோழியோட சண்டை பிடிச்சால் கோழி வெண்டிடும். பொம்பிளைக்குத் தேத்தண்ணி போடத் தெரியாது. ரெண்டும் சேந்து குடும்பம் நடத்தி! ஆறு மாதம் ஓடினால் பெரிய காரியம்!"

முதலில் எழுந்தவர் அப்பா. "எங்கட சம்பந்தியம்மாவைப் பாத்து இப்பிடிக் கதைக்க உமக்கு என்ன துணிவு?"

சம்பந்தியம்மா. அந்த வீட்டில் அந்தச் சொல்லை முதன்முதலாக அப்போதுதான் கேட்டேன்.

மாமி கைப்பையை நாற்காலியில் எறிந்தார். "என்ர மருமகளைப் பற்றிக் கதைக்க நீ ஆரடி? அவள் தேத்தண்ணி போட்டாலென்ன, போடாட்டியென்ன? என்ர மகன் போடுவான்!"

"ஓ, மருமகளோ!" என்று அன்ரி சிரித்தார். என்ன சிரிப்பு அது! ஒரு ரோல்ஸை எடுத்து, அவர்கள் முன்னாலேயே கடித்தார். "என்ர ரோல்ஸை உங்கட கலியாணத்தில கண்ணாலயும் காணமாட்டியள்."

"உம்மட ரோல்ஸை ஆர் கேட்டது?" என்றார் அப்பா.

"நாய்க்குப் போடு!" என்றார் மாமி.

அன்ரி தட்டோடு கதவுவரை போனார். அங்கே திரும்பி நின்றார். ரோல்ஸ் பிடித்திருந்த கையைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் வைத்து, தலையைச் சாய்த்தார்.

"என்ன? கேக்கேல்லை!"

"வெளியில போ!" அப்பாவும் மாமியும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் கத்தினார்கள். கீழ்வீட்டிலிருந்து தும்புத்தடி இடித்தது.

கதவு சாத்தியதும் அப்பா மாமிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மாமி அப்பாவின் இரத்த அழுத்தத்தைப் பற்றி விசாரித்தார். இருவரும் அருகருகே அமர்ந்து அன்ரியைத் திட்டினார்கள். அவர் பாவிக்கும் எண்ணெயிலிருந்து ஹவுஸ்கோட்டின் பூ வரை எதையும் விடவில்லை. அந்தத் திட்டின் நடுவில், போகிற போக்கில், மத்தியானம் மரக்கறியே இருக்கட்டும் என்றார் மாமி. இல்லையில்லை, ஸ்ட்ரெதமில் இன்னொரு மண்டபம் எடுத்துப் பின்னேரம் நல்ல ஆட்டிறைச்சி போடுவோம், மன்னார்க் கைப்பக்குவத்தில், அந்த மனுசியின் வாயை அடைக்கவேண்டும் என்றார் அப்பா. என் கலியாணம் அப்படித்தான் நிச்சயமானது.

மறுநாள் ஓடிப்போய் அன்ரியைக் கட்டிக்கொண்டேன். அவர் மிச்ச ரோல்ஸைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். "ஆடு சும்மா செத்ததெண்டது கொஞ்சம் கூடிப்போச்சோ?" என்று கேட்டார். அப்பாவிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். என் வாழ்நாளில் அன்று ஒருமுறைதான் அவர் என்மேல் மெய்யாகவே கோபப்பட்டார்.

"சொல்லிப் பார். சொன்னியெண்டால் நாளைக்கே ரெண்டு பேரும் திரும்ப நல்லவையாகி, தேவாரமோ செபமோ எண்டு தொடங்குவினம். இப்ப அவையளுக்கு ஏசிறதுக்கு ஒரு ஆள் இருக்கு. அது காணும். பஸ் ஸ்ராண்டில நிண்டு சிரிக்கிற ஆளில்லை நான்."

"சனிக்கிழமை என்ன செய்வீங்கள், அன்ரி?"

அவர் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு பல வருடங்கள் அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இரண்டு குடும்பத்திலும் எந்த விசேஷத்துக்கும் அவருக்கு அழைப்பில்லை. அப்பா சனிக்கிழமைகளில் மல்யுத்தத்தைத் தனியாகப் பார்த்தார். எவ்வளவு பொய் என்று கண்டுபிடிக்கத்தான் பார்க்கிறேன் என்று சொன்னார். "உது படேல்ல!" என்று சுவரைப் பார்த்து, அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி கத்துவார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராது.

ஒரு பனிக்காலத்தில் மரக்கறிக் கடை வாசலில் அன்ரி வழுக்கி விழுந்ததை நானும் அப்பாவும் பார்த்தோம். நாடி உள்ளே, கை விரித்து, உள்ளங்கை முதலில். அப்பா இரண்டு எட்டு ஓடினார். பிறகு நினைவு வந்து, நின்று, வாழைக்காய்களைப் பார்க்கத் தொடங்கினார். அன்ரி படுத்தபடியே அவரை நோக்கி, "எண்ணுங்கோவன் அண்ணை, மூண்டு எண்ணுங்கோ" என்றார். அப்பா வாழைக்காயை நசித்துக்கொண்டு, "விழுந்தாலும் நடிப்பு" என்று முணுமுணுத்தார். அன்ரி எழுந்து நடந்து தெருமுனை திரும்பும்வரை கடையை விட்டு நகரவில்லை.

மாமி வீட்டுக் கொண்டாட்டங்களில் ரோல்ஸ் இருக்கும். நகரின் மறுகோடியில், ரெய்னர்ஸ் லேனில் ஒரு ஆளிடம் எடுக்கிறேன் என்பார். அப்பா ஒன்றைக் கடித்து, கண்ணை மூடி, "இதல்லோ ரோல்ஸ்! அந்த மனுசியும் சுட்டாவே!" என்பார். மாமி தலையாட்டுவார். ஓரங்கள் கிள்ளி மடித்திருந்ததை நான் பார்த்தேன். ரெய்னர்ஸ் லேனிலும் யாரோ கிள்ளுகிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளை வளர்க்கிற காலத்தில் இதைப் பற்றியெல்லாம் யார் யோசிக்கிறார்கள்?

தன் கணவர் இறந்த பிறகு, அன்ரி மெல்பேர்னுக்கு மகளிடம் போவதென்று முடிவாயிற்று. தேவாலய மண்டபத்தில் அவருடைய ரோல்ஸைத் தின்று வளர்ந்த பங்குச் சனம் பிரியாவிடை வைத்தது. வரமாட்டேன் என்று அப்பா காலையிலிருந்து சொன்னார். மத்தியானம் கோட் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"உண்மையாய்த்தான் போறாவோ எண்டு பாக்கவேணும்" என்றார்.

மண்டபத்தில் அன்ரியைப் பொன்னாடை போர்த்தி மேடையில் இருத்தியிருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து அன்னை என்றார்கள், தியாகி என்றார்கள், கை ருசி என்றார்கள். அன்ரி கூனிக் குறுகி அமர்ந்திருந்தார். அவரை அவ்வளவு சோர்ந்துபோய் நான் ஒருநாளும் கண்டதில்லை. வெள்ளைப் பல்லுக்காரர்களோடு சேர்த்துவிட்டார்களே என்ற கவலை முகத்தில் தெரிந்தது. வேறு யாராவது பேச விரும்பினால் வரலாம் என்று பங்குத்தந்தை சொன்னார். அப்பா எழுந்து போய் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் உவ நல்லவ எண்டு சொல்லிப்போட்டியள். நான் சொல்லமாட்டன். என்ர வீட்டில, என்ர சம்பந்தியம்மாவுக்கு முன்னால, என்ர பிள்ளையின்ர கலியாணத்தைக் குழப்ப வந்த பொல்லாத மனுசி இது. ஆறு மாதம் ஓடாதெண்டு சொன்னவ. நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்!"

பங்குத்தந்தை மைக்கை வாங்கக் கையை நீட்டினார். அன்ரி கதிரையிலிருந்து மெதுவாக எழுந்தார். பொன்னாடை நழுவி விழுந்தது. முதுகு நிமிர்ந்தது. கை எழுந்து காதுக்குப் பின்னால் போனது.

"என்ன அண்ணை? கேக்கேல்லை!"

"மறக்கமாட்டன்!" என்று அப்பா மைக் இல்லாமலேயே முழங்கினார்.

அன்ரியின் முகம் கெட்டவரின் முகமாகவே இருந்தது. கண் மட்டும் நிறைந்து வழிந்தது. எனக்கும் வழிந்தது. பக்கத்தில் இருந்த மாமி ஒரு ரோல்ஸை என் கையில் வைத்தார். ஓரம் கிள்ளியிருந்தது. மாமி வீட்டில் வருடக்கணக்காக நான் தின்ற அதே ருசி.

"மாமி, ரெய்னர்ஸ் லேன்?"

"அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது, பிள்ளை."

"அது நடிப்பெண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"காதில கையை வைக்கேக்கயே தெரியும். சனிக்கிழமையில நானும் பாக்கிறனான்." மாமி வாயைத் துடைத்துக்கொண்டார். "அவ அவ்வளவு பாடுபட்டு அடிக்கேக்க நான் விழாட்டி மரியாதையே?" பிறகு மேடையில் இன்னும் நின்றுகொண்டிருந்த அப்பாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கொப்பாவுக்குச் சொல்லிப்போடாதை. பாவம், அந்த மனுசன் மெய்யெண்டு நம்பிக்கொண்டிருக்கிறார்."

திரும்பும்போது நான் காரை ஓட்டினேன். மாமி பின்னால் இருந்து ரோல்ஸ் தின்றுகொண்டு வந்தார். முன்னால் இருந்த அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"பிள்ளை, நான் கதைச்சது கடைசி வரிசைக்கும் கேட்டதே?"

"கேட்டது, அப்பா."

"அப்ப சரி. எல்லாரும் நல்லவ நல்லவ எண்டு சொல்லி மனுசியைச் சாகடிச்சுப் போட்டாங்கள். ஏசாமல் அனுப்பினால் அவ எப்பிடிப் பிளேன் ஏறுறது?"

பின்னால் மாமி மெல்லுவதை நிறுத்தினார். காரின் பின்பார்வைக் கண்ணாடியில் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"பொல்லாத மனுசி" என்றார் மாமி, கடைசித் துண்டை வாயில் போட்டபடி.

"மகா பொல்லாத மனுசி" என்றார் அப்பா. வீடு வரும்வரை இருவரும் மாறி மாறி அன்ரியைத் திட்டிக்கொண்டே வந்தார்கள்.